நாற்பத்தோரு சிவப்புக் குறிப்புகள்

"மேடம், வார்டுல ஒரு உசுரு ஊசலாடுது. அதைக் காப்பாத்துற ஒரு வார்த்தை என் வாயாலதான் வரணும். எனக்கு அது ஞாபகம் வரல!"

இப்படிச் சொல்லிக்கொண்டே விசாரணை அம்மாவின் அறைக்குள் நுழைந்த மருந்தாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கே என்ன தவறு நடந்தாலும் வேரைத் தோண்டி எடுப்பது விசாரணை அம்மாவின் உத்தியோகம். அவருக்கு உதவியாளர் அவருடைய கொழுந்தன். விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடும் அபாரத் திறமை அவனுக்கு உண்டு.

"முதல்ல உக்காருங்க" என்றார் விசாரணை அம்மா. "நடந்ததை வரிசையாச் சொல்லுங்க."

மருந்தாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை நோயாளி வந்து சேரும்போதே கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அது வார்டுத் திரைகளில் சிவப்பு எழுத்தில் தெரியும். ஏற்றி முடித்ததும் அவள் திரையிலிருந்து போய்விடும்; பட்டியலைத் திறக்கும் உரிமை கம்ப்யூட்டர்காரருக்கு மட்டும்தான். இன்று காலை பார்த்தால் எந்தத் திரையிலும் ஒரு சிவப்பு எழுத்துகூட இல்லை.

"வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப் இருக்கு. அதுவரைக்கும் உள்ளதெல்லாம் திரும்ப வந்துடும். ஆனா சனிக்கிழமையிலேருந்து நேத்து வரைக்கும் நான் ஏத்தினது நாப்பத்தியொண்ணு. அதுல ஒருத்தர் லாரி மெக்கானிக், ஞாயித்துக்கிழமை நினைவில்லாம வந்தவர். கூட வந்த ஆள் ஒரு மருந்துப் பேரைச் சொல்லி, முன்னாடி ஒருதடவை அதுல உயிர் போய் உயிர் வந்துச்சுன்னார். இப்ப அந்த ஆள் போனை எடுக்கல. மெக்கானிக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே போகுது. டாக்டர் கையில ரெண்டு மருந்து இருக்கு. அரை மணி நேரத்துல ஏதாவது ஒண்ணைப் போட்டே ஆகணுமாம். எனக்குப் பயமா இருக்கு மேடம்."

"எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்காரர் வேலைதான் அண்ணி" என்றான் கொழுந்தன். "நேத்து சாயங்காலம் புது சாஃப்ட்வேரைச் சோதிச்சிருக்கார்."

"அதேதான்! அவர்தான் அழிச்சிருக்கார்" என்றாள் மருந்தாளர். காலையிலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான்.

மூவரும் மருந்தகத்துக்கு விரைந்தார்கள். ஜன்னலை ஒட்டிய நீள மேசையில், திரையும் பெட்டியும் ஒன்றாக இணைந்த இரண்டு கம்ப்யூட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இடது பக்கம் மருந்தாளரின் இடம். அங்கே ஏற்றுவதுதான் வார்டுக்குப் போகும். வலது பக்கம் ஒத்திகைக்கு. அந்தப் பக்கத்து மேசைப் பலகையில் 'ஒத்திகை' என்று எழுதிய மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதன்மேல் பளபளவென்று டேப் வேறு.

கம்ப்யூட்டர்காரர் பேயறைந்தவர்போல நின்றார். "மேடம், சத்தியமா நான் ஒத்திகை மெஷின்லதான் செஞ்சேன். பழைய குறிப்பையெல்லாம் காலி பண்ணிட்டு, புது சாஃப்ட்வேர் திரும்பக் கொண்டுவருதான்னு பாத்தேன். வரல, ஒத்திகைதானேன்னு விட்டுட்டேன். அசலைத் தொடவே இல்ல. இப்ப வெள்ளிக்கிழமை பேக்கப்பை ரெண்டு மெஷின்லயும் ஏத்திடறேன். ரெண்டும் சுத்தமா பழைய நிலைக்கு வந்துடும்."

இடதுபக்க மெஷினில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரு விசையை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"கொஞ்சம் பொறுங்க" என்ற விசாரணை அம்மா, போனை எடுத்து வார்டு நர்ஸைக் கூப்பிட்டார். "சனி, ஞாயிறுல வந்த நோயாளிகளுக்குச் சிவப்புக் குறிப்பு எப்ப மறைஞ்சுது?"

"மறையலையே மேடம்" என்றாள் நர்ஸ். "அவங்களுக்கு அது வரவே இல்ல. யாருக்கும் ஒவ்வாமை இல்லபோலன்னு நினைச்சுக்கிட்டோம்."

மருந்தாளர் தன் திரையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாள் மாங்கு மாங்கென்று ஏற்றியதில் ஒன்றுகூட வார்டுக்குப் போகவில்லையா?

விசாரணை அம்மா அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். காலை வெயில் நேராகத் திரையில் விழுந்தது. ஆனால் எழுத்து துல்லியமாகத் தெரிந்தது. வலதுபக்கத் திரையோ நிழலில் இருந்தும் கொழுந்தனின் முகத்தைக் கண்ணாடிபோலக் காட்டியது. அவர் குனிந்து மேசையைப் பார்த்தார். இடதுபக்கம், தூசி படியாத சதுரத் தடத்தின்மேல் வட்டமான அடிக்கட்டை நின்றது. வலதுபக்கம் வட்டத் தடத்தின்மேல் சதுர அடிக்கட்டை.

"விசையிலிருந்து கையை எடுங்க" என்றார் அமைதியாக. கம்ப்யூட்டர்காரர் நெருப்பைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"அழிஞ்ச பொருளா இருந்தா, அதுக்கு முன்னாடி ஒருநாளாவது கண்ணுல பட்டிருக்கணும். இந்த நாப்பத்தியொண்ணும் வார்டுல ஒருநாள்கூடத் தெரியல. அப்போ அது அழியல, வேற இடத்துக்குப் போயிருக்கு. தூசித் தடத்தைப் பாருங்க. ரெண்டு மெஷினும் இடம் மாறி உக்காந்திருக்கு. சீட்டு மேசையில ஒட்டியிருக்கு, மெஷின்ல இல்ல. அதனால அது மட்டும் நகரல. இவர் சீட்டை நம்பி அசலைக் காலி பண்ணினார். நீங்க உங்க இடத்தை நம்பி ஒத்திகையில ஏத்தினீங்க. ஏம்மா, சனிக்கிழமை காலையில வெயில் கண்ணைக் கூசிச்சா?"

மருந்தாளர் இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். திரையில் தன் முகமே தெரிகிறதென்று சலித்துக்கொண்டதும், கூசாத திரையை இந்தப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நாற்காலியை நகர்த்துவதைப்போன்ற காரியம். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

"நான்தான் மாத்தினேன்" என்றாள்.

"அண்ணி, அப்போ இவர் அந்த விசையை அழுத்தியிருந்தா?" என்றான் கொழுந்தன்.

"பேக்கப்புல இல்லாத அந்த நாப்பத்தியொண்ணு இந்த ஒரு மெஷின்லதான் இருக்கு தம்பி. அதுவும் போயிருக்கும்."

கம்ப்யூட்டர்காரர் அதே மெஷினில் பட்டியலைத் திறந்தார். சிவப்பு எழுத்துகள் வரிசைகட்டி வந்தன. மருந்தாளர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தாள். லாரி மெக்கானிக். இரண்டு மருந்துகளில் ஒன்றின் பெயர் எதிரே நின்றது. பாய்ந்து போனை எடுத்து அந்தப் பெயரைக் கத்தினாள். "அது கூடாது! இன்னொண்ணைத்தான் போடணும்!"

மறுமுனையில் இருந்தது வார்டு நர்ஸ்.

"அக்கா" என்றாள் நர்ஸ். "டாக்டர் இதுக்கு மேல காத்திருக்க முடியாதுன்னுட்டார். ஊசியில ஏத்தி வச்சிருக்கிறதே அதைத்தான்."

"போட்டாச்சா?"

"இல்லக்கா. கையைப் பிடிச்சுட்டேன். இன்னும் குத்தல."

"அதைக் கீழ ஊத்து. நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்றாள் மருந்தாளர். போனை வைக்கவும் மறந்து, கம்ப்யூட்டர்காரரைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு வார்டை நோக்கி ஓடினாள்.