எனக்கு இரண்டு மூக்கு

ஒரு கேமரா வாங்க எத்தனை முறைதான் பஸ் ஏறுவது? எங்களுக்கு அன்று மூன்றாவது முறை.

கடலூரில் ஏறினோம். சிதம்பரம் போக வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நின்ற இடத்திலெல்லாம் ஆட்கள் ஏறினார்களே தவிர, ஒருவர்கூட இறங்கவில்லை. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. என் தோழிகள் எல்லாம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். நானோ யாரோ ஒருவருடைய மீன் கூடைக்கும் அம்மாவின் முழங்கைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருந்தேன். ஒரே அலுப்பு. உண்மையைச் சொன்னால் அழுகையே வந்தது.

என் பெயர் நித்யா மேரி. ஆறாவது படிக்கிறேன். என் அம்மா ஆரோக்கிய ராணி, போட்டோ எடுப்பவர். "பொம்பள போட்டோகிராபரா?" என்று நீங்களும் கேட்காதீர்கள். ஊரில் எல்லாரும் கேட்டாயிற்று. ஞானஸ்நானம், காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம், எல்லாவற்றுக்கும் அம்மா போவார். அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

அம்மாவின் பழைய கேமரா போன மாதம் மக்கர் செய்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு காதுகுத்து. முதல் பாதிப் படங்கள் நன்றாக வந்தன. பின்பாதி எல்லாம் மங்கல். குழந்தை அழுகிறதா, சிரிக்கிறதா என்றே தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் போனில் கத்திய கத்து எனக்கே கேட்டது. "கேமராவுக்கு வயசாயிடுச்சிங்க, மன்னிச்சுக்குங்க" என்றார் அம்மா. அடுத்த வாரமே அதன் ஷட்டர் சிக்கிக்கொண்டு, கேமரா ஒரேயடியாக நின்றுவிட்டது.

மறுநாள் ஞாயிறு. எங்கள் மாதா கோவிலில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். படம் எடுக்கும் பொறுப்பு அம்மாவுக்கு. ஆகவே அன்றே கேமரா வாங்கியாக வேண்டும்.

எதை வாங்குவது? அங்கேதான் சிக்கல்.

செபாஸ்டின் மாமா அம்மாவின் அண்ணன். பந்தல், மைக்செட் போடுகிறவர். எந்த வீட்டில் விசேஷம் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். அம்மாவுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அவர் சொல்லி வருவதுதான்.

"டி.எஸ்.எல்.ஆர். வாங்கு ராணி" என்றார் மாமா. "பாக்கப் பெருசா இருக்கணும். மேடையில சின்னதா ஒண்ணத் தூக்கிக்கிட்டு நின்னா, இதுக்கு எங்க செல்போனே தேவலன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

மாடி வீட்டு எழிலன் அண்ணா காலேஜில் படிக்கிறார். "ஐயோ ஆண்ட்டி, டி.எஸ்.எல்.ஆர். காலமெல்லாம் முடிஞ்சிபோச்சி. மிரர்லெஸ் வாங்குங்க" என்று சொல்லி, இருபத்தேழு வீடியோக்களை அனுப்பிவைத்தார். அம்மா இருபத்தேழையும் பார்த்தார். பக்கத்தில் படுத்திருந்த பாவத்துக்கு நானும் பார்த்தேன்.

உங்களுக்காவது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அதில் பட்டு வருகிற காட்சியைத்தான் கண்ணை வைத்துப் பார்க்கிறோம். பட்டனை அமுக்கினால் அந்தக் கண்ணாடி 'டப்' என்று மேலே தூக்கிக்கொள்ளும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. உள்ளே ஒரு குட்டி டிவி மாதிரி படம் தெரியும். அதனால் அது சிறியது, கனமும் குறைவு. ஆனால் பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அம்மாவின் பழைய லென்சும் அதில் நேராகப் பொருந்தாது. அவ்வளவுதான் விஷயம். இதற்கா இத்தனை பாடு!

மாமாவுக்கும் எழிலன் அண்ணாவுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மூன்று மாதமாக வலது மணிக்கட்டில் வலி. தோசைக்கல்லைத் தூக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

"மாமா காதுல போட்டுடாதடி" என்று சொல்லிவைத்திருந்தார். "கை முடியலன்னு தெரிஞ்சா வேற ஆளப் பாத்துப்பாரு. அப்புறம் இந்தத் தொழில விட்டுட்டு நான் வீட்ல உக்கார வேண்டியதுதான்."

நானும் சத்தியம் செய்துவிட்டேன். சத்தியம் செய்வது சுலபம். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அப்பப்பா!

சிதம்பரத்தில் கீழ வீதி வழியாக வெயிலில் நடந்து கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் தட்சிணாமூர்த்தி எங்களைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"வாங்கம்மா. இன்னைக்காவது வாங்குவீங்களா?"

"வாங்கிடறேங்க. இன்னிக்குக் கண்டிப்பா" என்றார் அம்மா.

அவர் ஒரு டி.எஸ்.எல்.ஆரையும் ஒரு மிரர்லெஸ்ஸையும் மேசைமேல் வைத்தார். இரண்டும் புதிதாக வேலை தொடங்குகிறவர்கள் வாங்குகிற சாதாரண வகைதான். அம்மா பெரியதை எடுத்தார், வைத்தார். சின்னதை எடுத்தார், வைத்தார். மறுபடியும் பெரியது. மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது. எனக்குப் பொழுது போகவில்லை. சின்னக் கேமராவின் பின்பக்கத் திரையைப் பிடித்து இழுத்தேன். அது கதவு மாதிரி திறந்துகொண்டது. மேலே மடக்கலாம், கீழே மடக்கலாம். அதில் என் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து அம்மா சொன்னார், "பெருசையே எடுத்துக்கறேங்க. எங்க அண்ணன் சொல்றதுதான் சரி. நாலு பேரு மதிக்கணும் இல்ல?"

சொல்லிக்கொண்டே அந்தக் கேமராவை இடது கைக்கு மாற்றி மேசையில் வைத்தார். வலது கையை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டார். கடைக்காரர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

கை வலியைப் பற்றி நான் பேசக் கூடாது. ஆனால் வேறு எதைப் பற்றியும் பேசலாம் அல்லவா?

"அம்மா, நாளைக்குச் செய்யப்போறத இங்கயே ஒருவாட்டி செஞ்சு பாத்துடேன்" என்றேன்.

"என்னடி செய்யறது?"

"நாப்பத்திரண்டு பிள்ளைங்களுக்கும் ஃபாதர் மெழுகுவத்தி குடுப்பாரு இல்ல? அங்கிள்தான் ஃபாதர். பென்சில்தான் மெழுகுவத்தி. பிள்ளைங்க எல்லாம் நான்."

"நாப்பத்திரண்டு தடவையா!" என்று கடைக்காரர் அலறினார். "பாப்பா, எனக்கு மூட்டு வலி."

"நீங்க உக்காந்துக்கிட்டே குடுங்க அங்கிள். வந்து வந்து வாங்கறது நான்தானே?"

"சும்மா இருடி, அவருக்கு வேல இல்லியா?" என்று அம்மா அதட்டினார். கடைக்காரர் வாசலைப் பார்த்தார். வேறு ஒரு ஆளும் வருகிற மாதிரி தெரியவில்லை.

"பரவால்லம்மா. இன்னைக்கோட இது முடிஞ்சா போதும்" என்று ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் டி.எஸ்.எல்.ஆர். அம்மா அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நான் கைகூப்பி நடந்து வந்தேன். கடைக்காரர் பென்சிலைக் கொடுத்தார். டப்! நான் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்னால் போய், மறுபடியும் வந்தேன். டப்! மூன்று. நான்கு. ஐந்து.

பத்தாவது பிள்ளை வரும்போது எனக்குக் கால் வலித்தது. பதினைந்தாவது பிள்ளைக்குக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு பென்சில் கொடுத்தார். இருபதைத் தாண்டியதும் அம்மாவின் நெற்றியில் வியர்வை. முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். இருபத்தாறாவது பிள்ளை வந்து நின்றபோது கேமரா தானாகக் கீழே இறங்கிவிட்டது.

"போதும்" என்றார் அம்மா.

"எடுத்த படத்தப் பாக்கலாம்மா" என்றேன்.

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். முதல் பதினெட்டுப் படங்களில் நான் அழகாகத்தான் இருந்தேன். அதற்கு மேல் எல்லாப் படத்திலும் எனக்கு இரண்டு மூக்கு. கடைக்காரருக்கு மூன்று மூக்குக்கண்ணாடி. பென்சில் துடைப்பம் மாதிரி தெரிந்தது.

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"புதுக் கேமரா" என்று மெதுவாகச் சொன்னார். "இதுக்கு வயசாகல. அப்ப ஸ்ரீமுஷ்ணத்துலயும் ஆடினது என் கைதானா? பாவம், அந்தக் கேமரா மேல பழியப் போட்டேனே."

நான் சத்தியத்தை மீறவில்லை. படமே சொல்லிவிட்டது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், ஏன்தான் இந்த வேலையைச் செய்தேனோ என்று ஆகிவிட்டது எனக்கு. கண்ணில் நீர் கட்டிக்கொண்டு நின்றது அம்மாவுக்கு.

"எதுவும் வேணாங்க" என்றார் கடைக்காரரிடம். "நாளைக்குக் கோவில்ல படம் எடுக்க வேற யாரையாவது அனுப்பிடச் சொல்றேன். நித்யா, வா போலாம்."

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டார்.

"அம்மா, இரு! இன்னும் ஒண்ணு இருக்குல்ல?"

"எதுல எடுத்தாலும் கை என் கைதானடி?"

"அதான் கைய ஒசத்தவே வேணாம்னு சொல்றேன். இங்க வந்து பாரு."

சின்னக் கேமராவின் திரையை வெளியே இழுத்து, மேல்பக்கமாக மடக்கினேன். அரை மணி நேரம் நாக்கை நீட்டி விளையாடியது வீண் போகவில்லை.

"கண்ணுல வைக்காத. வயித்துக்கிட்ட வச்சுக்க. ரெண்டு முழங்கையும் இடுப்போட ஒட்டி இருக்கட்டும். காபி டம்ளரப் புடிக்கிற மாதிரி புடி. குனிஞ்சு திரையப் பாத்து எடு."

அம்மா கடைக்காரரைப் பார்த்தார். "அப்படிப் புடிச்சா ஃபோகஸ் ஆகுமாங்க? பழைய கேமராவுல திரையப் பாத்து எடுத்தா ரொம்ப லேட்டாகும்."

"அது டி.எஸ்.எல்.ஆர்.ம்மா. கண்ணாடியத் தூக்கி வச்சுட்டுத் தேடும், அதான் லேட்டு. இதுல எப்பவுமே திரைதான். மூஞ்சி எங்கன்னு அதுவே புடிச்சிக்கும்" என்றவர், திடீரென்று என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "பாப்பா, மறுபடியும் நாப்பத்திரண்டா?"

"நாப்பத்திரண்டும்தான் அங்கிள்."

அவர் பென்சிலை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

நான் நடந்தேன், வாங்கினேன், திருப்பிக் கொடுத்தேன், நடந்தேன். இருபது. முப்பது. அம்மா நடுவில் ஒரு முறை கையை உதறிக்கொண்டார். அப்புறம் தொடர்ந்து எடுத்தார். நாற்பத்திரண்டாவது பிள்ளை பென்சிலை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் நிற்க அதனால் முடியவில்லை.

படங்களைப் பார்த்தோம். நாற்பத்திரண்டிலும் எனக்கு ஒரே மூக்கு.

அம்மா கடைசிப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதையே குடுங்க" என்றார். "பாட்டரி மட்டும் கூட ஒண்ணு வேணும். பழைய லென்ச அப்புறம் பாத்துக்கலாம்."

"திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்கும் போவணும்" என்றேன்.

"சரிடி பெரிய மனுஷி, போவலாம்."

கடைக்காரர் கும்பிட்டு எங்களை வழியனுப்பினார். இனி வந்துவிடாதீர்கள் என்று சொல்வது போலத்தான் இருந்தது.

மறுநாள் கோவிலில் வெள்ளை உடையில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அம்மா பீடத்தின் ஓரமாக, கேமராவை வயிற்றருகே வைத்துக்கொண்டு நின்றார். மைக்கைச் சரிசெய்ய வந்த செபாஸ்டின் மாமாவின் கண் அதில் விழுந்தது.

"என்னா ராணி இது, சோப்பு டப்பா கணக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பூசை முடியட்டும்ண்ணே" என்றார் அம்மா.

முடிந்தது. பந்தலில் எல்லாரும் பந்திக்குப் போனார்கள். மாமா மட்டும் விறுவிறுவென்று எங்களிடம் வந்து கையை நீட்டினார். அம்மா கேமராவைக் கொடுத்தார். மாமா ஒவ்வொரு படமாகத் தள்ளினார். பயந்த முகம், பல் விழுந்த முகம், மெழுகுவர்த்தியையே முறைத்துப் பார்க்கிற முகம். எல்லாம் பளிச்சென்று இருந்தன. மாமா நாற்பத்திரண்டையும் பார்த்து முடித்தார்.

"அண்ணே" என்று அம்மாதான் தொடங்கினார். "எனக்குக் கை வலி. மூணு மாசமா இருக்குது. ஸ்ரீமுஷ்ணத்துல கேமரா கெட்டுப்போவல, என் கைதான் ஆடிடுச்சி. பெருசத் தூக்க முடியல. அதான் இத வாங்கினேன்."



"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார் மாமா.

"சொன்னா நீ வேல சொல்லி அனுப்ப மாட்ட."

மாமா தரையைப் பார்த்தார். பிறகு, "ஆமா. அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார். கேமராவைப் பத்திரமாக அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அலோ, மங்கலம்பேட்டைங்களா? பந்தல் செபாஸ்டின் பேசறேன். வெள்ளிக்கெழம வளைகாப்புக்கு போட்டோவுக்கு ஆளு கேட்டீங்கல்ல? ஆளு இருக்குது. என் தங்கச்சிதான். இல்லீங்க, பெரிய கேமரா இல்ல, சின்னதுதான். படத்தப் பாத்துட்டுப் பேசுங்க."

அம்மா கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட்டார்.