மாப்ளைக்கு ஐஸ் வைத்தவர்

"எங்க வீட்டுக்குள்ள யாரோ வந்து போறாங்க," என்றாள் அந்தப் பெண். "எதையும் எடுத்துட்டுப் போகல. தொட்டித் தண்ணிய மட்டும் குளிர வெச்சுட்டுப் போறாங்க."

குரலில் பயமில்லை, எரிச்சலும் இல்லை. யார் வீட்டுச் சங்கதியையோ ஒப்பிப்பதுபோல இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். கூடவே திரியும் கொழுந்தன் அழைப்பதைக் கேட்டுக் கேட்டுத் தெரு முழுக்க அவரை 'அண்ணி' என்றே கூப்பிட்டது.

"மீன் தொட்டியா?" என்றார் அண்ணி.

"மீன் இல்ல. ஆக்சலாட்டில்னு ஒரு பிராணி. பல்லி மாதிரி நாலு கால், தலையோட ரெண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். தண்ணி சில்லுனு இருந்தாத்தான் பிழைக்கும். என் வீட்டுக்காரர் ஆசையா வளர்த்தார். 'மாப்ளை'ன்னு கூப்பிடுவார்."

இந்தக் கோடையில் தொட்டியைக் குளிர வைக்கும் மெஷின் கெட்டுப்போனது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் உறையாது. ஐஸ் வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போன கணவன், கடை போய்ச் சேரும் முன்பே லாரியில் அடிபட்டு இறந்தான்.

"அதுக்கப்புறம் மெஷினை நான் சரி பண்ணல. பார்க்காமலே தீனியப் போட்டுட்டு வந்துடுவேன். கொல்லணும்னு இல்ல. கை போகல, அவ்வளவுதான். இந்த வெயிலுக்கு அது தானா செத்துடும்னு நெனச்சேன். ஆனா வேலை விட்டு வந்து தொட்டா, கண்ணாடி ஜில்லுனு இருக்கு."

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?" கொழுந்தன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

"அவரோட சிநேகிதர், மீன்கடைக்காரர்கிட்ட ஒண்ணு இருக்கு. பிராணியைத் தனக்குக் குடுத்துடச் சொல்லிக் கேட்டுட்டே இருக்கார். வீட்ல மாமனார் இருக்கார். மூட்டுவலி, மாடிப்படி இறங்க மாட்டார். 'அந்தச் சனியனைச் சாக்கடையில கொட்டு'ன்னுதான் சொல்றார். அந்த ரூம் பக்கமே போறதில்ல. யாரும் வந்து போனதாத் தெரியலங்கறார்."

மறுநாள் மாலை அவள் வேலை விட்டு வந்ததும் மூவரும் மாடியேறினார்கள். வரச் சொல்லியிருந்த மீன்கடைக்காரர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

அண்ணி தொட்டியின் முன் குனிந்து நின்றார். கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி நல்ல குளிர்ச்சியைக் காட்டியது. தண்ணீர் வழக்கமான கோட்டிலேயே நின்றது. அடியில் கழிவும் பழைய தீனியும் படிந்திருந்தன. வெளிறிய ரோஜா நிறத்தில் அந்தப் பிராணி அசையாமல் கிடந்தது.

"இடது பக்கச் செவுள் பிஞ்சிருக்கே. எப்பலேர்ந்து?" என்று அவள் காதோரம் கேட்டார்.

"தெரியல," என்றாள் அவள். "போன மாசம், அவர் போன அன்னைக்குக் காலையில எடுத்த போட்டோல நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்த அறையில் மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் புழுக்கத்திலும் முழங்காலில் கம்பளி உறை மாட்டியிருந்தார். அறையெங்கும் தைல வாடை. ஜன்னல் கம்பியில் ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை ஒன்று தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"மூட்டுக்கா ஐயா?"

"ஆமா, ஐஸ் ஒத்தடம். ஐஸ் பக்கத்து வீட்டுல தந்தாங்க." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதை ஒழிச்சுக்கட்டுங்கன்னா யாரும் கேக்க மாட்டேங்கறீங்க. என் பையன் போனதுக்கப்புறம் அந்த மூஞ்சியில நான் முழிச்சதே இல்ல. ஒரு பக்கம் பிஞ்சுபோன மூஞ்சிய வெச்சுக்கிட்டு, அதுக்கு ஒரு தொட்டி!"

கூடத்துக்கு வந்ததும் கொழுந்தன் அண்ணியின் காதைக் கடித்தான். "மீன்கடைக்காரர்தான் அண்ணி. செத்துட்டா அவருக்குக் கிடைக்காதே."

"அவரா இருந்தா அடியில கெடக்கிற அழுக்கை விட்டு வெச்சிருப்பாரா?" என்றார் அண்ணி, சத்தமாகவே.

"சத்தியமா விட மாட்டேன்," என்றார் மீன்கடைக்காரர். "வாரம் ஒரு தடவை எடுத்தே ஆகணும்."

"வந்தவருக்கு மீன் வளர்க்கத் தெரியாது. குளிரா இருக்கணும்கிற ஒரு விஷயம் மட்டும் தெரியும். ஐஸை அப்படியே போட்டிருந்தா தண்ணி கோட்டுக்கு மேல ஏறியிருக்கும். ஏறல. அப்போ ஏதோ ஒரு பையில கட்டி இறக்கி, அப்புறம் எடுத்திருக்கார்." அண்ணி மாமனாரின் அறைப் பக்கம் திரும்பினார். அவர் வாசலில் வந்து நின்றிருந்தார். "ஐயா, கம்பளி போட்டுக் காலைச் சூடா வெச்சுக்கறவங்க அதுமேலயே ஐஸ் வைக்க மாட்டாங்க. உங்க பையோட மடிப்புல பாசி ஒட்டியிருக்கு. பார்க்கவே இல்லைன்னீங்க. உங்க பையன் போன அன்னைக்கு முழுசா இருந்த செவுள் அப்புறம் பிஞ்சது, தீனி போடற உங்க மருமகளுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுது."

பெரியவர் ஜன்னலில் தொங்கிய பையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜூஸ் கடையில வாங்கறேன்," என்றார் பெரியவர் கடைசியில். "இவ வேலைக்குப் போனதும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குவேன்."

"அப்புறம் ஏன் மாமா கொட்டச் சொன்னீங்க?"

"பார்த்தா வயிறு எரியுதும்மா. அதுக்காகத்தானே போனான்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஐஸ் வாங்கிட்டு வரேன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போனான். அவன் வரல. ஐஸாவது வந்து சேரட்டும்னு..."

கொழுந்தன் கையைப் பிசைந்துகொண்டு அண்ணியைப் பார்த்தான். அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார், மீன்கடைக்காரரும் எழுந்துவிட்டார்.

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து அவருடைய வீங்கிய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து காலையில நானே வாங்கிட்டு வந்து வெச்சுட்டுப் போறேன் மாமா. நீங்க படி இறங்க வேண்டாம்."

பெரியவர் தலையசைத்தார். உள்ளே போகத் திரும்பியவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உடைச்ச ஐஸைக் குடுப்பான், வாங்காத. கட்டியா கேளு. உடைச்சது சாயங்காலம் வரைக்கும் தாங்காது."