அக்கா ஓட்டிய கார்

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோதே அந்தச் சத்தம் சின்னவளின் காதில் விழுந்தது. பழைய கார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொண்டை உண்டு. இது அக்காவின் கார்.

ஓட்டி வந்தது அத்தான். பக்கத்தில் அவர் புதிதாகக் கட்டிக்கொண்டவள். அக்கா போய் இன்னும் ஒரு வருஷம்கூட முடியவில்லை. சின்னவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

கார்களுக்கு ஒயர் வேலை பார்க்கும் பட்டறை அவளுடையது. அக்கா இருந்தவரை அத்தான் அந்தக் காரை இந்த வாசலுக்குக் கொண்டுவந்ததே இல்லை. சொந்தத்துக்குள் வேலை வைத்துக்கொண்டால் பேச்சு வளரும் என்பார். இப்போது வந்திருக்கிறார் என்றால், மற்ற கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

“மீட்டர் போர்டுல சிவப்பா ஒரு லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பிரேக்குக்குன்னு இருக்குமே, அது. நாளையிலேர்ந்து இவதான் ஓட்டப் போறா. அதை மட்டும் அணைச்சுக் குடு.”

“அணைக்கணுமா, சரி பண்ணணுமா அத்தான்?”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

ஒன்றுதானாம். அவள் காரைப் பட்டறைக்குள் விடச் சொல்லிக் கைகாட்டினாள்.

அந்தக் கார்தான் அக்காவைக் கொன்றது. அவர்கள் வீட்டு கேட்டை நோக்கித் தரை சரிந்திருக்கும். காரை நிறுத்திவிட்டு கேட்டைத் திறக்கப் போனவளை, கார் பின்னாலேயே உருண்டு வந்து கேட்டோடு வைத்து நசுக்கிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒரே வசனத்தைத்தான் சொன்னார். “ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டா. எப்பவுமே அவளுக்குக் கவனம் கிடையாது.” பெற்ற அம்மாவே அதை நம்பி, உன் மறதியே உன்னைத் தின்னுடுச்சேடி என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். செத்தவள் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு சௌகரியம். எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறாள்?

வெளிச்சம் குறைந்தால்தான் மீட்டர் போர்டு விளக்குகள் தெளிவாகத் தெரியும். சின்னவள் ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கினாள். பட்டறைக்குள் இருட்டு நிறைந்தது. கூடவே பிரேக் ஆயில் வாடையும். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தாள். பிரேக் ஆயில் டப்பா நிரம்பத்தான் இருந்தது, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஆயில் குறைந்தால் அந்த விளக்கு எரியும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டிருந்தாலும் அதேதான் எரியும். இரண்டின் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

எரிந்தது.

ஃபியூஸைப் பிடுங்கினாள். மற்ற விளக்கெல்லாம் செத்துப்போயின. சிவப்பு மட்டும் எரிந்தது. கடைசியாக பேட்டரி ஒயரையே கழற்றித் தரையில் போட்டாள்.

எரிந்தது.

புதியவள் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சின்னவள் மீட்டர் போர்டைத் திருகு கழற்றி, இணைப்புகளையெல்லாம் உருவி, வெளியே எடுத்தாள். இப்போது அதற்கும் காருக்கும் ஒரு நூல் சம்பந்தம்கூட இல்லை.

அவள் கையில் இருந்தபடியே அது சிவப்பாக எரிந்தது. காய்ச்சல்காரியின் நெற்றி போலச் சுட்டது.

பின்பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பல்பு இருந்தது. பிரேக் விளக்கின் குழியில் மட்டும் பல்பு இல்லை. அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பழைய டேப், ஓரமெல்லாம் தூசி படிந்த டேப்.

“பல்பைக் கழட்டினது யாரு?”

அத்தான் கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

“உங்களத்தான் கேக்கறேன்.”

“உங்கக்கா நச்சரிப்பு தாங்கல,” என்றார் தணிந்த குரலில். “லைட் எரியுது, லைட் எரியுதுன்னு தினமும். ஹேண்ட் பிரேக்க ஒழுங்கா இறக்கு, எரியாதுன்னு சொன்னேன். கேட்டாத்தானே. கழட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் நிம்மதியா இருந்துச்சு.”

சின்னவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு காரின் அடியில் படுத்துப் பின்சக்கரங்களைப் பார்த்தாள். பிரேக் சிலிண்டர் இரண்டும் பளபளவென்று புதுசு. எழுந்து அத்தானுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“அப்போ இருந்த பழைய சிலிண்டர்லேர்ந்து ஆயில் ஒழுகிப் பின்சக்கரத்து பிரேக் முழுக்க நனைஞ்சிருக்கு. நனைஞ்சா ஹேண்ட் பிரேக் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. அதைத்தான் அந்த லைட் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எங்கக்காவும் சொல்லிக்கிட்டு இருந்தா. ரெண்டு பேர் வாயையும் அடைச்சிட்டீங்க. அவ போனப்புறம் சத்தமில்லாம புதுசு மாட்டிட்டீங்க. பழி மட்டும் அவளுக்கு.”

“கதை கட்டாதே. அவ ஹேண்ட் பிரேக் போடவே இல்ல.”

கர்ர்க்.

சத்தம் காருக்குள்ளிருந்து வந்தது.

மூவரும் திரும்பினார்கள். காருக்குள் யாரும் இல்லை. ஓட்டுநர் இருக்கையின் மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

கர்ர்க். கர்ர்க்.

ஹேண்ட் பிரேக் கம்பி பல் பல்லாக மேலே ஏறியது. மெதுவாக, பார்க்கிறவர்களுக்குப் புரியட்டும் என்பதுபோல. உச்சிவரை போய் நின்றது. பிறகு தடாலென்று விழுந்தது.

மறுபடியும் ஏறியது. இந்த முறை மெதுவாக இல்லை.

விழுந்தது. ஏறியது. விழுந்தது. ஏறியது. கார் முழுக்க அதிர்ந்தது. ஒரு மனுஷி பல்லைக் கடித்துக்கொண்டு, இதோ, இதோ, பார் என்று இழுப்பதுபோல இருந்தது.

புதியவள் எழுந்து நின்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

“அவங்க போட்டிருக்காங்க,” என்று கிசுகிசுத்தாள்.

பிறகு கணவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியேறினாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. அத்தான் அவள் பின்னால் ஓடினார். தெருமுனைவரை தேடிவிட்டு, கார் பக்கம் வரத் துணியாமல், வந்த ஒரு டாக்ஸியை நிறுத்தி ஏறினார்.

சின்னவளின் கையில் மீட்டர் போர்டு சட்டென்று அணைந்தது. சூடும் போய்விட்டது.

அவள் ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். டாக்ஸி கொஞ்ச தூரம் போய் நின்றது. ஓட்டுநர் ஹேண்ட் பிரேக்கை ஏற்றி ஏற்றி இறக்கினார். மீட்டர் போர்டின் கண்ணாடியை விரலால் தட்டினார். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

“நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்க ஏறினதும் சிவப்பு எரியுது.”

அத்தான் இறங்கினார். அடுத்து வந்த வண்டியைக் கைகாட்டி ஏறினார். அதுவும் கொஞ்ச தூரம் போய் நின்றது.

சின்னவள் கண்ணைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விடாதக்கா,” என்றாள்.