விஷமில்லாத இனம்

லென்ஸுக்குக் கீழே பாம்பு இரண்டாகத் தெரிந்தது. காஷிஃபா கண்ணைக் கசக்கிக்கொண்டு நடு உடலின் செதில் வரிசைகளை மறுபடி எண்ணினாள். பதினேழு. பழைய குறிப்போடு சரியாகப் பொருந்தியது. நூறு வருடமாக யார் கண்ணிலும் படாத இனம். ஜவ்வாது மலையின் இந்த ஓய்வு விடுதிக்குப் பின்னால் ஒரு கல்லைப் புரட்டி, இன்று காலை அவள்தான் பிடித்தாள். கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதாக இருக்கும். பிடிக்கும்போது அதன் பல் பட்டு சுண்டுவிரலில் சின்னதாக ஒரு கீறல். வலிக்கவேயில்லை.

மத்தியான மழை ஓட்டின்மேல் ஓயாமல் இரைந்துகொண்டிருக்க, அறைக்குள் ஸ்பிரிட் நெடியும் நனைந்த சுவரின் வாடையும் கலந்து தொண்டையை அடைத்தன. நாக்கு தடித்தது.

"சார், இன்னாமோ மாதிரி இருக்குது. ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம் சார்."

பேராசிரியர் கோகுல்ராஜ் கேமராவிலிருந்து தலை நிமிரவில்லை. "விஷமில்லாததுன்னு குறிப்புலயே இருக்குதேம்மா. பயத்துல வர்ற மயக்கம். கொஞ்ச நேரம் படு."

படுத்தாள். இமைகள் தாமாக இறங்கின. தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. செருப்புச் சத்தம் கட்டிலருகே வந்து நின்றது. கட்டைவிரலால் இமையை உயர்த்தி டார்ச் அடித்தார். ஜீப் சாவியை எடுப்பார் என்று காத்திருந்தாள். நோட்டின் தாள் புரண்டது.

"மூணு நாப்பது. இமை இறங்கிடுச்சு. அப்ப விஷம் இருக்குது." குரலில் சந்தோஷம்.

ஜீப்பை எடுங்க சார். சொன்னாள். உதடு அசையவில்லை.

"நாலு பத்து. கை விழுந்துடுச்சு."

உள்ளங்காலில் ஊசியால் குத்தினார். வலித்தது. கால் நகரவில்லை.

மூச்சு நூலாக இளைத்தது. கண்ணோரம் ஒரு துளி வழிந்தது. அவர் அதைப் பார்த்தார். விரலால் துடைத்தார். காதருகே குனிந்தார்.

"பாம்புக்கு உன் பேரையே வெச்சிடறேன்மா."

கதவு திறந்தது. "முத்தம்மா! பொண்ணு போய்டுச்சு."

சமையல் செய்யும் முத்தம்மா ஓடிவந்தாள். "ஐயோ, காலையிலகூட சிரிச்சிக்கினு இருந்துச்சே!" வெதுவெதுப்பான கை கன்னத்தில் பட்டது. "உடம்பு இன்னும் சூடா இருக்குதுங்களே சார்?"

"இப்பதான் போச்சு."

மூக்கில் கை வை. முத்தம்மா. கை வை.

முத்தம்மா தேம்பினாள். புடவை ஓரத்தைக் கிழித்து, தாடையைச் சேர்த்துத் தலையோடு இறுக்கிக் கட்டினாள். வாய் மூடிக்கொண்டது. பிறகு பஞ்சை உருட்டினாள். மூக்கின் ஒரு துளை. அழுதுகொண்டே, நோகாமல், பெற்ற மகளுக்குச் செய்வதுபோல, மற்றதையும் அடைத்தாள்.