எட்டாவது கம்பு

எட்டாவது கம்பு மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டது.

தஹ்மீனா வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு. இரண்டு வாரத்தில் இது மூன்றாவது முறை.

"நாலு நாள் முன்னாடிதானே புது பேட்டரி போட்டோம், லாத்தா?" என்றாள் ஷிஃபா. அக்காவை அவள் லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆமா. போதும் ஷிஃபா. எனக்கு இனிமே தெம்பு இல்ல."

தஹ்மீனா பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறாள். முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில், கடல்நீர் ஏறி வரும் வாய்க்கால் ஓரமாக எட்டு மூங்கில் கம்புகளை நட்டிருந்தாள். ஒவ்வொரு கம்பிலும் ஒரு சின்னப் பெட்டி. தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது பார்க்கும். பார்த்ததைக் கம்பியில்லாமல் அடுத்த கம்புக்குச் சொல்லும். அது அதற்கடுத்த கம்புக்குச் சொல்லும். கடல் பக்கமிருந்து இப்படியே கைமாறி, எட்டாவது கம்பு வழியாகச் விவசாயி செல்லதுரையின் மோட்டார் கொட்டகைக்குச் செய்தி வரும். அங்கிருந்து அவருடைய போனுக்குப் போகும். அவர் ஓடிவந்து வயலுக்குத் தண்ணீர் வரும் மதகின் ஷட்டரை இறக்கிவிடுவார்.

போன வருஷம் இதெல்லாம் இல்லை. உப்புத் தண்ணீர் ஏறி, நட்ட பயிர் முழுவதும் கருகிப்போனது.

செல்லதுரை வந்தார். வாய்க்காலில் ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இப்ப நல்ல தண்ணிதான். பரவாயில்லம்மா, பழையபடி ரெண்டு மணிக்கொரு தரம் நானே வந்து பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

தூக்கமில்லாமல் அவர் கண்கள் சிவந்திருந்தன. ஷிஃபாவுக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டில் தஹ்மீனா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் எட்டுக் கம்புகளும் எட்டுப் புள்ளிகளாக இருந்தன. வயலில் நடுவதற்கு முன்பே, கம்புகள் எப்படி வேலை செய்யும் என்று அதில் மாதிரியாக ஓட்டிப் பார்த்திருந்தாள்.

"பாரு, எட்டும் பச்சை. இதுல மாசக்கணக்கா ஓடுது. வயல்ல மட்டும் நாலு நாள்ல சாகுது." மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஷிஃபா தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தினாள். ஆளுக்கு இருபது புளியங்கொட்டை கொடுத்தாள்.

"நீங்கதான் கம்பு. நான்தான் கொட்டகை. பக்கத்து ஆளு காதுல மட்டும்தான் சொல்லணும். ஒரு தடவை வாயைத் திறந்தா ஒரு கொட்டையைக் கீழ போட்டுடணும். தீந்துபோனா பேசக்கூடாது."

"உப்பு ரெண்டு" என்று தொடங்கினான் முதல் கம்பாகத் தொலைவில் நின்ற இளவழகன். அது காது காதாக வந்தது. அடுத்தவன் தன்னுடையதைச் சொன்னான். அதுவும் வந்தது. மூன்றாவது சுற்று பாதியில் நின்றுபோனது.

எட்டாவதாக நின்ற செம்மொழி வெறுங்கையை விரித்துக் காட்டினாள். பேசக்கூடாதே! முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

"உன்கிட்ட எத்தனை மிச்சம்?" என்று ஷிஃபா இளவழகனைக் கேட்டாள்.

"பதினேழு!"

செம்மொழியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அவன் அவனோடதை மட்டும் சொல்றான். நான் எல்லாரோடதையும் சொல்லணுமா? வாயே வலிக்குது!"

"நீ கொட்டகையா உக்காரு செம்மொழி. கொஞ்ச நேரம் நான் நிக்கிறேன்" என்று ஷிஃபா அவள் இடத்துக்குப் போனாள். புதிதாக இருபது கொட்டை எடுத்துக்கொண்டாள். அதுவும் மளமளவென்று குறைந்தது. கையில் நாலைந்து மிஞ்சியபோது ஷிஃபா, "நில்லுங்க!" என்றாள்.

"ஒவ்வொண்ணா அனுப்பாதீங்க. முன்னாடி ஆளு சொன்னதோட உங்களோடதையும் சேத்து ஒரே தடவையா சொல்லுங்க."

எல்லோரும் கொட்டைகளை மறுபடி எண்ணி எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒரே கொட்டைதான் போனது. பத்துச் சுற்று முடிந்தும் எல்லோரிடமும் பத்துப் பத்து இருந்தது. எட்டு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃபாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தஹ்மீனா, சட்டென்று உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

ஷிஃபா பின்னாலேயே ஓடினாள். "என்ன லாத்தா?"

"பேட்டரி தீரும்னே நான் இதுல போடல." விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "இப்ப போட்டிருக்கேன், பாரு."

திரையில் நாட்கள் நகர்ந்தன. நான்காம் நாள் எட்டாவது புள்ளி சிவந்து அணைந்தது. வயலில் நடந்தது அப்படியே!

"இப்ப நீ சொன்ன மாதிரி சேத்து அனுப்பலாம்" என்றாள் தஹ்மீனா. மீண்டும் ஓட்டினாள். பத்து நாள், இருபது நாள், முப்பது நாள். எட்டும் பச்சையாகவே இருந்தன.

அன்று மாலையே இருவரும் சேற்றில் இறங்கி, எட்டாவது கம்புக்குப் புது பேட்டரி போட்டு, எட்டுப் பெட்டிகளுக்கும் புது வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துபோயிற்று.

பதினோராம் நாள் மதியம், செல்லதுரையோடு அவர்கள் வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது அவர் போன் கத்தியது. முதல் கம்பில் உப்பு ஏறுகிறது. அடுத்து இரண்டாவது கம்பில்.

"மாமா, ஷட்டர்!" என்று ஷிஃபா கத்துவதற்குள் அவர் பாதி தூரம் ஓடிவிட்டார். மூன்று பேருமாகத் தொங்கி அந்தத் துருப்பிடித்த ஷட்டரை இறக்கினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, வெளிப்பக்கத் தண்ணீரை அவர் நாக்கில் வைத்தார். முகம் கோணியது. உள்பக்கத் தண்ணீரை அள்ளினார். துப்பவில்லை. விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுக்குப் போலாமா லாத்தா?"

"இரு. காலெல்லாம் வலிக்குது" என்றாள் தஹ்மீனா.

பச்சைப் பயிர் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து, நல்ல தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.