இரண்டாவது தட்டு

மடக்குக் கூரைக்கான துணியைத் தைத்து எடுத்துக்கொண்டு குஷன்காரர் ஷெட்டுக்கு வந்தபோது காலை பத்தரை மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதில் ஏறி உட்கார்ந்தால் வீட்டுக்காரிகூட மதிப்பாள் என்று சொல்லிச் சிரித்தார்.

பொய்யில்லை, கார் அப்படித்தான் இருந்தது. தாத்தா காலத்துத் திறந்த வண்டி. யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் துருவேறிக் கிடந்ததை வாங்கி வந்து, மட்கார்டுகளைக் கழற்றி, முன்பக்கத்தைத் தரையோடு தாழ்த்தி, முன்கண்ணாடியை நாலு விரல் அளவு வெட்டிக் குறைத்து, பெரிய எஞ்சின் வைத்து, கத்தரிப்பூ நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார் சின்னவர். ஊரில் அவருக்கு அதுதான் பெயர். பெரியவர் என்று ஓர் அண்ணன் இருந்தார். போன வருஷம் இதே காருக்கு அடியில் நசுங்கிச் செத்தார்.

குஷன்காரர் முன்சீட்டில் மண்டியிட்டுக் கூரைக்கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு உள்ளே வந்த சின்னவர், அந்த மனிதர் மாட்டின கொக்கியைப் பிடித்தபடி அசையாமல் இருப்பதைப் பார்த்தார்.

"கீழ யாரு வேலை பார்க்கறது?"

"யாரும் இல்லையே."

"தட்டினாங்க. ஸ்பானரால. என் முட்டிக்கு நேர் கீழ."

சூட்டில் தகடு விரிகிற சத்தமாக இருக்கும் என்றார் சின்னவர். முப்பது வருஷம் கார்களுக்குள்ளேயே உட்கார்ந்து தைத்த மனிதரிடம் போய்த் தகட்டுச் சத்தம் என்று கதை விட்டால் எடுபடுமா? அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கொக்கியை விட்டார், பையை எடுத்தார், மிச்சத்தை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

சின்னவருக்கு அந்தத் தட்டு பழக்கமானது. தினமும் பதினோரு மணிவாக்கில் கேட்கும். முதலில் ஈர இரும்பு வாடை வரும், அப்புறம் தட்டு.

ஒரே ஒரு தட்டு.

அண்ணன் தம்பி இருவரும் வேலைக்கென்று வைத்திருந்த பாஷை அது. கம்ப்ரஸர் ஓடும்போது கத்தினாலும் காது கேட்காது. அதனால் காருக்கு அடியில் இருப்பவர், முட்டுக் கொடுத்த ஸ்டாண்டுகளை எடுத்ததும் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். எடுத்துவிட்டேன், ஆனால் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். நகர்ந்து வெளியே வந்ததும் இரண்டாவது தட்டு. அதற்கப்புறம்தான் மேலே நிற்பவர் ஜாக்கியை இறக்க வேண்டும். பதினெட்டு வருஷம் ஒருநாளும் பிசகியதில்லை.

அன்றைக்கு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பழைய காரைப் பழைய காராகவே விடு, கண்ணாடியை வெட்டாதே என்று பெரியவர் சொல்லியிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துச் சின்னவர் வெட்டிவிட்டார். அதிலிருந்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒரு தட்டு கேட்டது. ஜாக்கியருகே சின்னவர் கொஞ்ச நேரம் நின்றார். இன்னொன்று கம்ப்ரஸர் சத்தத்தில் அமுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து, "அண்ணா, வந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனாகப் பேசட்டும் என்ற வீம்பு. கைப்பிடியைத் திருப்பி ஜாக்கியை இறக்கினார்.

பிறகு, ஆட்கள் ஓடி வருவதற்குள், ஜாக்கியில் எண்ணெயைத் தாங்கும் வாஷரை அவரே பிளேடால் கீறி வைத்தார். ஜாக்கி ஏமாற்றிவிட்டது என்று ஊரே நம்பியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. மற்றவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அண்ணிக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு அவள்தான். இரண்டு வேளையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறவள். விலை பேசி வைத்த ஓர் ஓட்டல்காரர் வெள்ளிக்கிழமை வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதோடு எல்லாம் தீர்ந்தது என்று அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

குஷன்காரர் போன சிறிது நேரத்தில் அண்ணி ஷெட்டுக்குள் வந்தாள். பெரியவர் செத்ததிலிருந்து இந்த வாசற்படியை மிதிக்காதவள். காரைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வண்டியத் தூக்குங்க தம்பி."

சின்னவர் ஜாக்கியைத் தள்ளி வந்து ஏற்றினார். கத்தரிப்பூ நிறம் மெல்ல உயர்ந்தது. அடியில் இருட்டு.

ஈர இரும்பு வாடை வந்தது.

"வெள்ளிக்கிழமை அவங்க வரமாட்டாங்க. விக்கலேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அண்ணி?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் சமையல்கட்டு. அன்னைக்கு ஒரு தட்டு கேட்டுச்சு. இன்னொண்ணு விழட்டும், சாப்பிடக் கூப்பிடலாம்னு கரண்டியோட நின்னேன்." நிதானமாகச் சொன்னாள். "அடுத்து கேட்டது தட்டு இல்ல."

சின்னவர் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷமாகப் பயந்த பயம் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தது. அழுகை வந்தது, வெட்கமும் வந்தது. தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தினமும் எதிர்ல உக்காந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணின்னு கேட்டீங்க."

டங்.

காருக்கு அடியில்தான், மறுபடியும் அந்த முதல் தட்டு. சட்டம் அதிர்ந்தது. அந்த அதிர்வு ஜாக்கி வழியாக ஏறி அவர் உள்ளங்கைக்கு வந்தது.

கம்ப்ரஸர் ஓடவில்லை. தெருவிலும் சத்தம் இல்லை. இருவரும் காத்திருந்தார்கள்.

எதுவும் கேட்கவில்லை.

வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, காரின் நிழலைத் தொட்டு நின்றது. அவருக்குக் கை மரத்துப்போனது. அந்த வாடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

"இறக்கிடட்டுமா அண்ணி?" என்று கிசுகிசுத்தார்.

"இறக்காதீங்க தம்பி," என்றாள் அவள். "அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு."