நாற்றம் நின்ற காலை

கண் விழித்ததிலிருந்து ஜெஸிக்கு எதையோ வைத்த இடம் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. கைபேசி தலையணைக்கு அடியில் இருந்தது. நெபுலைசர் மேசை மேல் இருந்தது. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு மகள் கிருபா தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில்தான். எழுந்து உட்கார்ந்து இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. நாற்றம் இல்லை.

ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷமாகிறது. காட்பாடியிலிருந்து வந்த புதிதில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் தெரியாமல் போய்விடும் என்று அர்த்தமில்லை. காலையில் கண் விழித்ததும் மூக்கு ஒரு முறை பார்த்துவிட்டு, இருக்கிறது, சரி, என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்த அந்த வாடையை வைத்தே ஊர்க்காரர்கள் வானிலை சொல்வார்கள். ஆற்றுப்பக்கக் காற்று அடித்தால் லேசாக வரும், மழைக்கு முன்னால் கனத்து வரும், பனிக்காலத்தில் மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். சென்னை செய்தியில் ஆயிரம் சொல்லட்டும், ஜெஸி மூக்கைத்தான் நம்புவாள்.

இன்றைக்கு நல்ல பனி. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே வேப்பமரம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. இப்படிப்பட்ட காலையில்தான் வாடை குடலைப் பிடுங்கும். இன்றைக்குத் துளிகூட இல்லை.

ராத்திரி முழுக்கப் படாத பாடு பட்டிருந்தாள். ஆறு வயசுக் குழந்தைக்கு இளைப்பு வந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்குத்தான் மூச்சு நின்று நின்று வரும். பனி ஆகாது, புகை ஆகாது, ஜன்னலைச் சாத்தியே வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பழைய புடவையைக் கிழித்து இடுக்கில் எல்லாம் அடைத்து வைத்திருந்தாள். இரண்டு முறை நெபுலைசர் போட்டும் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்ற சத்தம் விடவில்லை. நாலு மணிக்குத்தான் கொஞ்சம் அடங்கியது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனைக்குப் போக முடியாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

இப்போது குனிந்து காது வைத்துக் கேட்டாள். கீச்சு சத்தம் குறைந்திருந்தது. காற்று சுத்தமானதும் பிள்ளைக்கு நிம்மதி வந்துவிட்டது பார், என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. துணிச்சுருள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். மழைக்காலத்தில் உப்பிப்போன ஜன்னல் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். படுக்கையறை, கூடம், சமையலறை என்று ஒன்றுவிடாமல் திறந்தாள். பனி அவசரப்படாமல் உள்ளே வந்தது.

கீழ்வீட்டு சத்தார் பாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர். முப்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்தவர்.

"இன்னா பாய், இன்னிக்கு நாத்தமே இல்ல?" என்று மேலிருந்து கேட்டாள்.

"எனுக்கு இன்னா தெரியும் டீச்சர், என் மூக்கு செத்துப் பத்து வருசமாச்சி," என்று அண்ணாந்து சிரித்தார். "வீட்ல இப்பத்தான் சொன்னா. ஜன்னல் எல்லாத்தயும் தொறந்து போட்டுட்டா. கொழந்தைக்கு எப்டி கீது?"

"இப்ப கம்மியாயிருக்கு பாய். தூங்கறா."

"தூங்கட்டும், தூங்கட்டும். நல்ல காத்து வரட்டும்."

எதிர்வீட்டிலும் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் கதவே திறந்தது. பனிக்குள் ஆள் தெரியவில்லை, கொண்டிகள் விலகும் சத்தமும் கீல்கள் முனகும் சத்தமும் தெருக்கோடி வரைக்கும் கேட்டுக்கொண்டே போயின. வருஷம் பூராவும் மூடிக்கிடந்த தெரு. பண்டிகை மாதிரி இருந்தது ஜெஸிக்கு.

பாலை அடுப்பில் வைத்தாள். பாக்கெட்டை அலசி வாளியில் போட்டாள். தேவாலயத்து மணி அடிக்க ஆரம்பித்தது. முதல் மணிக்கு எப்போதும் முப்பது அடி அடிப்பார்கள். கை வேலையாக இருக்கும்போது மனசுக்குள் எண்ணுவது அவள் வழக்கம். பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாவது பாதி அடியாக விழுந்தது, கயிற்றைப் பிடித்த கை நழுவியது போல. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

காத்திருந்து பார்த்தாள். இல்லை.

அப்போதுதான் மற்ற சத்தங்களையும் தேடினாள். ஆறரை மணிக்குக் காக்காய்கள் ஊரைத் தூக்கிக்கொண்டு போகும். ஒன்றும் கத்தவில்லை. கறிக்கடைக்காரர் கோழிகளைக் கூண்டு மாற்றும்போது எழும் கூச்சல் இல்லை. கீழ்வீட்டில் மட்டும் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. கண் லேசாக எரிந்தது. தூக்கம் போதாததால் இருக்கும் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு கிருபா நாளைக்குப் போடும் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட உட்கார்ந்தாள். துடைக்கத் துடைக்க எரிச்சல் ஜாஸ்தியானது. நாக்கில் பித்தளைச் சாவியைக் கடித்த ருசி.

குக்கர் இன்னும் விசிலடித்தது. எட்டாவதா, ஒன்பதாவதா? பாயின் மனைவி அஃப்ஸர் ஜஹான் மூன்றாவது விசிலுக்கு மேல் விடுகிற பெண்மணி இல்லை.

"பாயம்மா, குக்கர்!" என்று கூப்பிட்டாள். மறுபடியும் விசில்தான் வந்தது. எழுந்து பால்கனிக்குப் போகும் வழியில் சமையலறையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கருகிக் கிடந்தது. கரும்புகை சுருண்டு சுருண்டு மேலே போய் கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாகக் கருகியதோ. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. பால் தீய்ந்தால் தெருவே எட்டிப் பார்க்கும். இவளுக்கு ஒரு வாசனையும் வரவில்லை.

அடுப்பை அணைத்தாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டாள். ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கினாள். ஒன்றுமில்லை. கொரோனா சமயத்தில் இப்படித்தான் பத்து நாள் கிடந்தாள், அதுதான் திரும்ப வந்துவிட்டது போலிருக்கிறது என்று மனசைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் கீழே பாயம்மாவுக்கும் வாடை தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. ஒரு தெருவுக்கே ஒரே விடியலில் கொரோனா வருமா?

கணவனுக்கு போன் போட்டாள். இன்பசேகரன் ராணிப்பேட்டையில் கழிவுநீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருப்பான்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"பஸ்ல. இன்னா, பாப்பாவுக்கு ஜாஸ்தியாய்ட்ச்சா?"

"அதில்லீங்க. இங்க நாத்தமே இல்ல. காலையிலருந்து கொஞ்சங்கூட..."

பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே அவன் சட்டென்று எழுந்தது கேட்டது.

"ஜெஸி." அவன் குரலை அவள் அப்படிக் கேட்டதே இல்லை. "ஜன்னல்லாம் சாத்தித்தான வச்சிருக்கே?"

அவள் திறந்து கிடந்த ஜன்னல்களைப் பார்த்தாள்.

"ஜெஸி! அந்த அழுவுன முட்ட கேஸ் கம்மியா இருந்தாத்தான் நாத்தம் அடிக்கும். ஜாஸ்தியாச்சின்னா மொதல்ல மூக்கத்தான் கொல்லும். நாத்தம் நிக்கலடி, உன் மூக்கு நின்னுட்ச்சி. பாப்பாவத் தூக்கிக்கினு மொட்ட மாடிக்கு போ. கீழ எறங்காத, அது கீழதான் படுக்கும். போ!"

"எங்கருந்துங்க வருது?"

"தெரீல. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, ஒரு ஷாப்பும் ஓடாது. எங்கருந்து வரும், எப்டி..." லைன் போய்விட்டது.

படுக்கையறைக்கு ஓடினாள். ஓடும்போதே பால்கனி வழியாகக் கண் கீழே போனது. பேப்பர் தரையில் கிடந்தது. சத்தார் பாய் நாற்காலியில் அண்ணாந்து, வாய் திறந்து, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்க்கவில்லை.

கிருபாவின் போர்வையை இழுத்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. கீச்சு சத்தம் சுத்தமாக இல்லை. நிம்மதி என்று நினைத்து ஜன்னல் ஜன்னலாகத் திறந்துவிட்ட தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. தூக்கித் தோளில் போட்டாள். தலை துவண்டு முதுகில் இடித்தது. நெஞ்சு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, மெல்ல.

வாசற்கதவைத் திறந்தாள். மாடிப்படியில், நாலு படி கீழே, அஃப்ஸர் ஜஹான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி. உதவிக்கு மேலே வர நினைத்திருக்கிறார். ஜெஸியின் பக்கம் ஒரு கை நீண்டிருந்தது. அந்தக் கையின் விரல் அசைந்ததா இல்லையா? நாலே படி. இறங்கினால் தோளில் இருப்பவள்?

இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறினாள். மன்னிச்சிடுங்க பாயம்மா, மன்னிச்சிடுங்க, என்று ஒவ்வொரு படிக்கும் சொன்னாள்.

மொட்டைமாடிக் கதவை உதைத்துத் தள்ளி வெளியே வந்து விழுந்தாள். மூச்சை இழுத்தாள்.

நாற்றம்!

அழுகிய முட்டை வாடை. வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள். வாழ்நாளில் இத்தனை அருமையான ஒன்றை அவள் முகர்ந்ததில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து கிருபாவின் முகத்தில் அடித்தாள், முதுகைத் தேய்த்தாள், பேர் சொல்லி உலுக்கினாள். குழந்தை இருமியது. நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் கிளம்பியது. கண்ணைத் திறந்து மூக்கைச் சுளித்தாள்.

"ம்மா, நாத்தம்."

"ஆமாண்டி தங்கம், ஆமா. நல்லா இழுத்து மூச்சு வுடு."

கிருபாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். தெருவைக் காணோம். வீடுகளைக் காணோம். கைப்பிடிச்சுவர் மட்டத்துக்குப் பனி பாலாடை மாதிரிப் படர்ந்து கிடந்தது. அதற்கு மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், தூரத்தில் பள்ளிவாசல் மினார், தேவாலயத்துச் சிலுவை. ஒவ்வொரு தொட்டியின் மேலும் காக்காய்கள் இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. வேறு எந்த மாடியிலும் ஆள் இல்லை.

வெயில் வந்தால் கலைந்துவிடும். ஏழரைக்கு வெயில் வந்துவிடும். அதுவரைக்கும்தான்.

பனி கைப்பிடிச்சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது. தரையில் பரவியது. காற்றில்லை. கணுக்கால். முழங்கால். இடுப்பு. பக்கத்தில் நின்ற கிருபா, மூக்கைப் பொத்தியிருந்த கையை நாற்றம் விட்டதுபோல் எடுத்தாள். ஜெஸி வெடுக்கென்று அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள்.

தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணி. ஒரு கையால் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒரே ஆள் நிற்கிற அளவுக்குச் சிமெண்ட் மேடை. காக்காய்கள் பறக்காமல் நகர்ந்து இடம் விட்டன. அதற்கு மேல் ஏற எதுவும் இல்லை.

"நாத்தம் அடிக்குதா பாப்பா?"

"அடிக்குதும்மா. ரொம்ப."

"சரி. அம்மா கேக்க கேக்க சொல்லணும்."

இடுப்பு வரைக்கும் வெள்ளை. கிழக்கே வானம் வெளுத்திருந்தது. வெயில் இல்லை.

"அடிக்குதா?"

"அடிக்குது. ம்மா, காக்கா வுழுந்துட்ச்சி."

அவள் பார்க்கவில்லை. பொத்தென்று இன்னொன்று. இன்னொன்று. நெஞ்சு வரைக்கும். கழுத்து. அவளுக்கு நாற்றம் நின்றது. அத்தனை சுத்தமான காலை. கண்ணில் நீர் கொட்டியது. தொட்டியில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

"பாப்பா, அடிக்குதா?"

"அடிக்குதும்மா."

"இப்ப?"

கிருபா மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள் கிருபா. குரலில் அவ்வளவு சந்தோஷம். "போய்ட்ச்சி!"

ஜெஸி மகளை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். தோள் கழன்று போகும் அளவுக்குத் தூக்கினாள். அண்ணாந்து பார்த்தாள். இரண்டு சின்னக் கால்கள் அவள் முகத்துக்கு நேரே தொங்கின. முழங்காலுக்கு மேலே எல்லாம் வெள்ளையாக இருந்தது. கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அப்புறம் ஆடவில்லை.